குரல்வளை மரு: எடுத்து ஏழாவது வாரமே திரும்ப வளருது, மூணு வயசுப் பிள்ளைக்கு அடுத்து என்ன செய்யலாம்?

ஆலங்குளம் சிஸ்டர்:

எல்லாருக்கும் வணக்கம். ஆலங்குளம் பக்கம் ஒரு மூணு வயசுப் பெண்பிள்ளை, 13 கிலோ. தலைச்சன், சுகப்பிரசவம். ரெண்டு வயசு திரும்பும்போதே குரல் கம்ம ஆரம்பிச்சிருக்கு. சளி, இளைப்புன்னு சொல்லி மாசக்கணக்குல நெபுலைசர் வச்சிருக்காங்க. கடைசியில மூச்சை இழுக்கும்போது சத்தம் வந்து, நெஞ்சு குழி விழுந்த பிறகுதான் ஸ்கோப் போட்டிருக்காங்க. ரெண்டு குரல் நாண்லயும் மரு. மயக்கம் குடுத்து எடுத்தாச்சு. பயாப்சியில பாப்பிலோமா, அதாவது புற்று இல்லாத மரு, செல் மாற்றம் எதுவும் இல்ல. பத்து வாரம் கழிச்சு ரெண்டாவது தடவை எடுத்தாங்க. அதுக்கப்புறம் ஏழாவது வாரமே குரல் மறுபடி கம்மிட்டு.

வீட்டுல கேக்கிறது இதெல்லாம்தான். வெட்ட வெட்டத்தான் கூட வளருதா? எத்தனை தடவை இப்படி மயக்கம் குடுக்க? கழுத்துல ஓட்டை போட்டு டியூப் வச்சுட்டா நிம்மதிதானேன்னு ஒரு சொந்தக்காரர் சொல்லியிருக்கார். மருந்துல கரைக்க வழி இருக்கா? தாத்தா பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிட்டுப் போவோம்ங்கிறார். போதாததுக்கு "இது தாய்கிட்ட இருந்து வார சீக்காம்"னு யாரோ செல்போன்ல படிச்சுச் சொல்ல, மாமியா அந்தப் பிள்ளைத்தாச்சியைப் பாடாப் படுத்துதாவ. ஆமா, அடுத்தது அஞ்சு மாசம்.

எனக்கு இன்னொரு கவலையும் உண்டு. ராத்திரி மூச்சுத் திணறலோட எங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தா, 108 வந்து ஐகிரவுண்டு (திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி) போய்ச் சேருற வரைக்கும் நாங்க என்ன செய்யணும்? விவரம் தெரிஞ்சவங்க விளக்கமாச் சொல்லுங்க.

பாளை தொண்டை மருத்துவர்:

சிஸ்டர், முதல்ல வளர்ச்சியைப் பற்றி. அறுவை செய்வதால் இது கூடுதலாக வளர்வதில்லை. கண்ணுக்குத் தெரிகிற மருவை எடுக்கிறோம். அதற்குக் காரணமான எச்.பி.வி. (ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்) என்ற வைரஸோ சுற்றிலும் நல்ல தோல் மாதிரித் தெரிகிற சவ்வின் அடிச் செல்களிலும் உட்கார்ந்திருக்கிறது. அதை எந்தக் கத்தியும் எந்த லேசரும் எடுக்க முடியாது. ஆகவே "முழுக்க எடுத்துவிட்டோம், இனி வராது" என்று யாராவது எழுதிக் கொடுத்தால் நம்ப வேண்டாம். மூச்சு வழியைத் திறந்து வைப்பது, குரல் நாணைக் கெடுக்காமல் காப்பது, ஒரு அறுவைக்கும் அடுத்ததற்கும் இடைவெளியைக் கூட்டுவது, இந்த மூன்றும்தான் அறுவையின் வேலை. குடும்பத்தாரிடம் முதல் நாளே இதைச் சொல்லாமல் விடுவதால்தான் மூன்றாவது அறுவையில் மனம் விட்டு ஆஸ்பத்திரி மாறுகிறார்கள். மாறும்போது பழைய அறுவைக் குறிப்புகளும் வராது, புதிதாகப் பார்ப்பவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

பிள்ளைகளுக்கு வருவது பெரும்பாலும் எச்.பி.வி. 6, 11 என்ற இரண்டு வகையால். கருப்பைவாய்ப் புற்றுக்குப் பேர்போன 16, 18 வகைகள் வேறு. 6, 11 இரண்டில் 11 கொஞ்சம் முரட்டு வகை. ஆனால் வகையை விட வயது கூடுதலாகப் பேசும். மூன்று வயதுக்குள் கண்டுபிடிக்கப்படும் பிள்ளைகளுக்கு, மற்ற பிள்ளைகளைவிட, வருடத்துக்கு நான்கு அறுவைக்கு மேல் தேவைப்படும் வாய்ப்பு சுமார் மூன்றரை மடங்கு. ஒரே இடத்தோடு நிற்காமல் இரண்டு மூன்று இடங்களில் முளைக்கும் வாய்ப்பும் ஏறத்தாழ இரு மடங்கு. நீங்கள் சொல்கிற பிள்ளை அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறது. இந்த வயதில் பத்து வாரம், ஏழு வாரம் என்ற இடைவெளி எதிர்பார்க்கக் கூடியதே. அறுவை செய்தவரின் கைக்குறை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கே முளைக்கும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. தட்டைச் செல் சவ்வும் மயிரிழைச் செல் சவ்வும் சந்திக்கிற எல்லைக்கோட்டில்தான் இது விரும்பி வளரும். குரல் நாணின் மேல்விளிம்பு, கீழ்விளிம்பு, குரல்வளை மூடியின் உட்பக்கம், மெல்லண்ணத்தின் பின்பக்கம், மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடம் எல்லாம் அப்படிப்பட்ட எல்லைகள். டியூப் விஷயத்துக்கும் இங்கேதான் பதில். கழுத்தில் ஓட்டை போட்டு டியூப் வைத்தால் அந்த ஓட்டையைச் சுற்றிப் புதிதாக ஓர் எல்லைக்கோட்டை நாமே உண்டாக்குகிறோம். மரு டியூப் முனையிலும் அதற்குக் கீழேயும் இறங்கப் பார்க்கும். வேறு வழியே இல்லாமல் உயிர் காக்க வைக்க நேர்ந்தால் வைக்கத்தான் வேண்டும், மறுப்பதற்கில்லை. அப்போதும் மேலே வழி திறந்ததும் சீக்கிரமாக எடுத்துவிட வேண்டும். "நிம்மதிக்காக" வைக்கிற பொருள் அல்ல அது. டியூப் அடைத்தால் வீட்டில் யார் உறிஞ்சி எடுப்பது, எந்த இயந்திரத்தில், கரண்ட் போனால் என்ன செய்வது என்று அந்தச் சொந்தக்காரரைக் கேட்டுப் பாருங்கள்.

அறுவை முறைக்கு வருவோம். இன்று அதிகம் கையாளப்படுவது மைக்ரோடிபிரைடர். சுழலும் சிறு பிளேடு, கூடவே உறிஞ்சு குழாய். மருவை உள்ளே இழுத்துச் சீவி எடுக்கும், சூடு கிடையாது. குழந்தைகளுக்கு 2.9 மி.மீ. அளவில் குரல்வளைக்கென்றே உள்ள பிளேடு வேண்டும். மூக்குச் சதைக்கு வைத்திருக்கும் முரட்டுப் பிளேடைக் குரல் நாண் பக்கம் கொண்டுபோகக் கூடாது. கார்பன் டை ஆக்சைடு லேசர் நுணுக்கமாக வெட்டும், ஆனால் சூடு ஆழமாக இறங்கினால் தழும்பு நிச்சயம். கே.டி.பி. என்ற இன்னொரு வகை லேசர், குறைந்த சூட்டில் திசுவைக் கரைக்கும் கோப்லேஷன், சாதாரண மைக்ரோ கத்தரி, இடுக்கி எல்லாமே பயன்பாட்டில் இருக்கின்றன. எந்தக் கருவியால் எடுத்தாலும் திரும்ப வரும் வேகம் மாறுவதாகத் தெளிவான ஆதாரம் இல்லை. கருவியை விடக் கை முக்கியம்.

கை எங்கே தவறும்? இரண்டு குரல் நாணும் முன்னால் கூடும் மூலையில். அங்கே இரண்டு பக்கமும் ஒரே நாளில் பச்சைப் புண்ணாக விட்டால், ஆறும்போது ஒன்றோடொன்று ஒட்டி வலைச்சவ்வு மாதிரி மூடிக்கொள்ளும். மரு என்றாவது ஓயலாம், அந்தச் சவ்வு ஓயாது. பிள்ளை வளர்ந்த பிறகும் கட்டைக்குரலோடு நிற்கும். எனவே அந்த மூலையில் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து, மறுபக்கம் ஒன்றிரண்டு மி.மீ. மருவை வேண்டுமென்றே விட்டுவைப்பதுதான் முறை. நாணுக்குள் இருக்கும் தசைநார் வரை தோண்டுவதும் கூடாது. "டாக்டர் கொஞ்சம் மிச்சம் வச்சுட்டார்" என்று வீட்டில் குறைப்பட்டால் இதைச் சொல்லுங்கள்.

அறுவைக் குறிப்பில் இருக்க வேண்டியவை: ஒவ்வோர் இடத்துக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். 0 என்றால் இல்லை, 1 தட்டையாகப் படிந்தது, 2 மேடாக எழுந்தது, 3 வழியை அடைக்கும் அளவு திரண்டது. அதனோடு அன்றைக்குக் குரல் எப்படி, மூச்சுச் சத்தம் ஓடியாடும்போது மட்டுமா, சும்மா இருக்கும்போதுமா, கடைசி அறுவை நடந்து எத்தனை நாள். உலகம் முழுக்கப் பயன்படும் டெர்கே முறை இதுதான். படமும் எடுத்துக் கொடுக்கச் சொல்லி, ஒரு பென்டிரைவிலும் ஒரு நோட்டிலும் தாயிடமே இருக்கட்டும். நாளைக்கு மருந்து தொடங்கலாமா என்று யாராவது முடிவு செய்ய வேண்டுமென்றால் அந்த நோட்டு இல்லாமல் ஆகாது.

ஒவ்வொரு தடவை மயக்கத்திலும் மூச்சுக்குழாய் வரை ஸ்கோப் இறக்கிப் பார்த்தார்களா என்று கேளுங்கள். குரல் நாணோடு நின்றுவிடக் கூடாது. நுரையீரலுக்குள் இறங்குவது நூற்றில் ஒன்றிரண்டு பேருக்குத்தான், ஆனால் இறங்கினால் கதை வேறு. ஓயாத இருமல், திரும்பத் திரும்ப நிமோனியா, எக்ஸ்ரேயில் நடுவில் குழிவான உருண்டைகள் தெரிந்தால் சி.டி. எடுக்க வேண்டும். பிள்ளைப்பருவ மருவில் புற்றாக மாறுவது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. அப்படி மாறுவதும் பெரும்பாலும் இப்படி நுரையீரலுக்கு இறங்கியவர்களுக்கு. ஆகவே எடுக்கிற திசுவைச் சீரான இடைவெளியில் பயாப்சிக்கு அனுப்ப வேண்டும், "போன தடவை பார்த்தாச்சே" என்று விடக் கூடாது.

எத்தனை தடவை என்றால், பிள்ளைப்பருவத்தில் தொடங்கியவர்களுக்கு வருடத்துக்கு சராசரி நான்கைந்து, மொத்தத்தில் இருபதை ஒட்டி என்பது பழைய பெரிய தொகுப்புகளின் கணக்கு. சிலருக்கு மூன்றோடு ஓய்ந்துவிடும், சிலருக்கு நூறைத் தாண்டும். "வயசுக்கு வந்தா தானே போயிடும்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பலருக்கு ஓய்கிறது, ஆனால் எப்போது என்று யாராலும் தேதி சொல்ல முடியாது.

சித்த மருத்துவம், துஜா என்ற ஹோமியோபதி சொட்டு மருந்து பற்றியும் கேட்பார்கள். குரல்வளை மருவை அவை கரைக்கும் என்பதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை. பெரியவர் மனதுக்காகக் கொடுப்பதென்றால் கொடுக்கும் மருந்தின் பெயரை மயக்க மருத்துவரிடம் சொல்ல வேண்டும், ஸ்கோப் தேதி ஒரு நாளும் தள்ளக் கூடாது. வெளித்தோல் மருவுக்கு அம்மான் பச்சரிசிப் பால் தடவுகிற பழக்கத்தில் தொண்டைக்குள் எதையும் ஊற்றிவிட வேண்டாம். புரையேறினால் இருக்கிற கொஞ்ச வழியும் அடைபடும். ஆவி பிடிக்க வைப்பதும் வேண்டாம். மருவுக்கு அது ஒன்றும் செய்யாது, கொதிதண்ணீர் கவிழ்ந்து வெந்துபோவதுதான் மிச்சம்.

மயக்கவியல் மேசை:

ராத்திரி வந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு நான் எழுதுகிறேன்.

முதலில் இளைப்பா, இதுவா என்று பிரித்துக்கொள்ளுங்கள். இளைப்பில் சத்தம் மூச்சை விடும்போது வரும், ஸ்டெத் வைத்தால் நெஞ்சு முழுக்கக் கேட்கும், குரல் நன்றாக இருக்கும், சால்புடமால் என்ற இளைப்பு மருந்து கொடுத்தால் குறையும். மருவில் சத்தம் மூச்சை இழுக்கும்போது வரும், கழுத்தில் ஸ்டெத் வைத்தால்தான் உரக்கக் கேட்கும், குரல் கம்மியிருக்கும், சால்புடமாலுக்கு அசையாது. இழுக்கும்போதும் விடும்போதும் இரண்டிலும் சத்தம் என்றால் வழி நன்றாகவே குறுகிவிட்டது என்று பொருள். இதே பாடத்தை உங்கள் வட்டாரத்து மருத்துவமனைகளுக்கெல்லாம் சொல்லுங்கள்: காய்ச்சல் இல்லாமல் நான்கு வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருக்கும் எந்தப் பிள்ளைக்கும் ஸ்கோப் தேவை. மெல்லிய வளையும் ஸ்கோப்பை மூக்கு வழியாக, மயக்கம் இல்லாமலே, தாய் மடியில் வைத்தபடி ஓரிரு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

மூச்சுத் திணறலோடு வந்தால் பிள்ளையைப் படுக்க வைக்காதீர்கள். தாய் மடியில், அது எப்படி உட்கார விரும்புகிறதோ அப்படியே இருக்கட்டும். நாக்கை அமுக்கித் தொண்டையைப் பார்க்க வேண்டாம். அழ வைத்தால் காற்றை வேகமாக இழுக்கும், குறுகிய இடம் இன்னும் ஒடுங்கும். ஆகவே ஊசி குத்தும் அவசரமும் வேண்டாம். ஆக்சிஜன் மாஸ்க்கை முகத்துக்கு எதிரே தாயே பிடிக்கட்டும்.

அட்ரினலின் 1:1000, கிலோவுக்கு 0.5 மி.லி., உச்சம் 5 மி.லி., நெபுலைசரில். 13 கிலோவுக்குக் கணக்கு 6.5 வரும், எனவே உச்சமான 5 மி.லி. தான். அதாவது 1 மி.லி. ஆம்பூல் ஐந்து உடைக்க வேண்டும். கை தயங்கும், தயங்க வேண்டாம். இது ஊசி அளவு அல்ல, நெபுலைசர் அளவு. அதே 5 மி.லி. தப்பித்தவறி சிரிஞ்சில் ஏறி ஊசியாகப் போய்விடக் கூடாது. உடைத்ததும் நேராக நெபுலைசர் கோப்பைக்குள் ஊற்றிவிடுங்கள். டெக்சாமெத்தசோன் கிலோவுக்கு 0.6 மி.கி., இந்தப் பிள்ளைக்கு ஏறக்குறைய 8 மி.கி., 2 மி.லி. வயல் ஒன்று. வாய்வழி கொடுத்தாலும் போதும், விழுங்க முடியாத நிலை என்றால் தசையில் போடலாம். ஒன்றை நினைவில் வையுங்கள். இவற்றால் மரு சுருங்காது. சுற்றியுள்ள வீக்கத்தை வாங்கி ஒன்று, இரண்டு மணி நேரம் அவகாசம் வாங்கித் தரும், அவ்வளவுதான். "நல்லா இருக்கே" என்று வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. ஆலங்குளத்திலிருந்து ஐகிரவுண்டுக்கு அந்த அவகாசம் போதும், ஆனால் 108 கிளம்பும் முன்னே போன் போக வேண்டும். குழந்தை மருத்துவர், தொண்டை மருத்துவர், மயக்க மருத்துவர் மூவரும் தயாராக இருக்க வேண்டிய நோயாளி இது.

ஆக்சிமீட்டரை நம்பி உட்கார வேண்டாம். மேல்வழி அடைப்பில் எண் கடைசியாகத்தான் விழும். 97 காட்டிக்கொண்டே பிள்ளை களைத்துப்போகும். சத்தம் குறைந்து, பிள்ளை அசதியாகித் தூங்குவது போல் வந்தால் தேறிவிட்டது என்று நினைக்காதீர்கள். அதுதான் மோசமான அறிகுறி.

வழியில் மூச்சு நின்றால் முதலில் பை, மாஸ்க். இருவர் சேர்ந்து, ஒருவர் இரண்டு கையாலும் மாஸ்க்கை இறுக்கிப் பிடிக்க, மற்றவர் அமுக்குவது. டியூப் போட நேர்ந்தால் வயதுக்கான 4.5 சைஸை மறந்துவிட்டு 3.0, 3.5 இரண்டையும் ஸ்டைலெட்டோடு (டியூபுக்குள் செருகும் கம்பி) எடுத்து வையுங்கள். உள்ளே திராட்சைக் கொத்து மாதிரி மறைத்துக்கொண்டு நிற்கும், குரல் நாணே தெரியாது. அப்போது ஒருவர் நெஞ்சை லேசாக அமுக்க, காற்றுக் குமிழி எங்கிருந்து வருகிறதோ அதுதான் வழி. கண்ணை மூடிக்கொண்டு குத்தினால் ரத்தம் பெருகி, தெரிந்த வழியும் தெரியாமல் போகும்.

திட்டமிட்ட அறுவைக்கு இடம் பார்ப்பவர்கள் கேட்க வேண்டியது: குழந்தைக்கான ரிஜிட் பிராங்கோஸ்கோப் (மூச்சுக்குழாய்க்குள் இறக்கும் வளையாத ஸ்கோப்) 2.5, 3.0, 3.5 அளவில் இருக்கிறதா, பிள்ளையைத் தானே மூச்சுவிட வைத்து மயக்கம் கொடுக்கும் பழக்கம் உள்ளவர் இருக்கிறாரா, குழந்தைகள் தீவிர சிகிச்சையில் அன்று படுக்கை உண்டா. வழி கண்ணில் படும் முன் தசை தளர்த்தும் மருந்து கொடுக்கக் கூடாது. இந்த நோயில் அது பெரிய விதி. மெல்லிய குழல் வழியாக அழுத்தத்தோடு காற்றைப் பீய்ச்சும் ஜெட் காற்றுமுறை வசதியானதுதான், ஆனால் வெட்டிய துணுக்கைக் கீழே தள்ளும், அழுத்தம் மிகுந்தால் நுரையீரல் வெடிக்கவும் செய்யும். லேசர் என்றால் ஆக்சிஜன் 30 சதவீதத்துக்குக் கீழே, நைட்ரஸ் ஆக்சைடு அறவே கூடாது, டியூப் வைத்தால் லேசருக்கென்றே உள்ள டியூப், சுற்றிலும் உப்புநீரில் நனைத்த பஞ்சு. தீப்பிடித்தால் வாயுவை நிறுத்தி, டியூபை உருவி, உப்புநீரை ஊற்றுவது, எல்லாம் ஒரே மூச்சில். புகையில் வைரஸ் துணுக்கு இருக்கும், ஆகவே அறையில் உள்ள எல்லாருக்கும் என்95, வெட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே புகை உறிஞ்சி.

ஆலங்குளம் சிஸ்டர்:

ரொம்ப நன்றி டாக்டர். ஐந்து ஆம்பூல்ங்கிறதை எமர்ஜென்சி தட்டுலயே எழுதி ஒட்டிடுதேன். மருந்து விஷயம் யாராவது சொல்லுங்களேன். ஏதோ புற்றுநோய் ஊசி போட்டா மரு கரையுதுன்னு கேள்விப்பட்டு அப்பா அதையே பிடிச்சுட்டு நிக்கார். பீடி சுத்துற வீடு வேற, தூசிக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

குழந்தை நுரையீரல் பிரிவு:

அவர் கேள்விப்பட்டது பெவாசிசுமாப். ரத்தக்குழாய் வளர்ச்சியைத் தூண்டும் வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தைத் தடுக்கும் மருந்து. இந்த மருக்கள் ரத்தக்குழாய் அடர்ந்தவை, அதனால் வேலை செய்கிறது. புற்றுநோய் மருந்து என்ற பெயரைக் கேட்டுப் பயப்படவும் வேண்டாம், கரைத்துவிடும் என்று கொண்டாடவும் வேண்டாம்.

யாருக்கு? பொதுவாக ஏற்கப்பட்ட எல்லை: வருடத்துக்கு நான்குக்கு மேல் அறுவை, அல்லது மூச்சை அடைக்கும் வேகத்தில் திரும்ப வளர்வது, அல்லது குரல்வளையைத் தாண்டிக் கீழே இறங்கியது. இந்தப் பிள்ளைக்கு ஏழு வார இடைவெளி நிலைத்தால் வருடத்துக்கு ஏழு அறுவை. அப்படியானால் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது. மூன்றாவது அறுவையின் மதிப்பெண்ணையும் அதன் பிறகு வரும் இடைவெளியையும் பார்த்து முடிவு செய்வது நியாயம்.

மருவுக்குள்ளேயே ஊசியாகப் போடும் முறையும் உண்டு, ரத்தக்குழாய் வழி ஏற்றும் முறையும் உண்டு. பலன் பெரிதாகத் தெரிவது இரண்டாவதில். கிலோவுக்கு 5 முதல் 10 மி.கி., மூன்று வாரத்துக்கு ஒருமுறை. 10 என்று வைத்தால் இந்தப் பிள்ளைக்கு 130 மி.கி., அதாவது 5.2 மி.லி. வயல்கள் 100 மி.கி., 400 மி.கி. அளவில் வருவதால் இரண்டு நூறு வாங்கி எழுபதை வீணாக்குவதா, அதே நாளில் இன்னொரு நோயாளியோடு பகிர்வதா என்று மருந்தகத்தோடு முன்கூட்டியே பேச வேண்டும். இந்தியத் தயாரிப்புகள் வந்த பிறகு விலை நன்றாகக் குறைந்திருக்கிறது. உப்புநீரில் மட்டும்தான் கலக்க வேண்டும், குளுக்கோஸில் கலக்கக் கூடாது. முதல் தடவை 90 நிமிடம், ஒத்துக்கொண்டால் அடுத்தது 60, பிறகு 30.

ஒவ்வொரு தடவையும் ஏற்றும் முன் ரத்த அழுத்தம், குழந்தைக்கான சிறிய கஃப்பில். பெரியவர் கஃப் கட்டினால் குறைவாகக் காட்டி ஏமாற்றும். சிறுநீரில் புரதம், ரத்த அணுக்கள், கிரியாட்டினின். மூக்கில் ரத்தம் வருவது சகஜம். புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும் மருந்து என்பதால் பெரிய அறுவை ஏதும் இருந்தால் நான்கு வார இடைவெளி பார்ப்பார்கள். வளரும் எலும்பின் முனைத்தட்டைப் பாதிக்கலாம் என்று விலங்குச் சோதனைகளில் தெரிந்திருப்பதால் உயரத்தையும் அளந்து எழுதி வைக்க வேண்டும்.

பெரும்பாலோருக்கு ஒன்று முதல் மூன்று தடவைக்குள் வித்தியாசம் தெரிந்துவிடும். சிக்கல் நிறுத்தும்போதுதான். திடீரென்று நிறுத்தினால் திரும்ப வளரும். அதனால் மூன்று வாரத்தை நான்கு, ஆறு, எட்டு என்று இழுத்துக்கொண்டு போவதுதான் வழக்கம். தேனி, மதுரை என்று வேலைக்குப் போய் இரண்டு முறை தவறவிட்டால் செலவழித்தது வீண். தொடங்குவதற்கு முன் வண்டிச் செலவு உட்பட ஒரு வருடக் கணக்கைத் தகப்பனாரோடு உட்கார்ந்து போட்டுவிடுங்கள். இந்த நோய்க்கென்று லேபிளில் அனுமதி பெற்ற மருந்து அல்ல இது, மருத்துவர் பொறுப்பில் கொடுப்பது. எனவே ஒப்புதல் படிவத்தில் அதைத் தமிழிலேயே எழுதி வாங்க வேண்டும்.

சிடோஃபோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து ஒரு காலத்தில் மருவுக்குள் ஊசியாக நிறையப் போடப்பட்டது. சிறுநீரகத்தைப் பாதிக்கும், விலங்குகளில் புற்று உண்டாக்கியது என்பதால் இப்போது கை பின்வாங்குகிறது. இன்டர்ஃபெரான் அதற்கும் முந்தையது. போட்ட மாதங்களில் காய்ச்சல், நிறுத்தினால் திரும்ப வளர்ச்சி. 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் இந்த நோய்க்கென்றே முதல் மருந்துக்கு அனுமதி கிடைத்தது. அது பெரியவர்களுக்கு மட்டும், பிள்ளைகளுக்கு இல்லை. செய்தியைப் படித்துவிட்டு யாராவது கேட்டால் அதையும் சொல்லிவிடுங்கள்.

பீடித் தூசி மருவை உண்டாக்காது. ஆனால் புகையும் புகையிலைத் தூசியும் ஏற்கனவே வீங்கிய குரல்வளையை எரிச்சலாக்கும். முறத்தோடு வாசல் திண்ணைக்கு மாறட்டும், பிள்ளை தூங்கும் அறையில் இலை வெட்ட வேண்டாம். விறகடுப்புக்கும் அதேதான். எதிர்க்களிப்பு, அதாவது புளிச்ச தண்ணீர் மேலே வரும் தொல்லை, இருந்தால் அதற்கு மருந்து கொடுப்பது நல்லது. அறுவைப் புண் தழும்பாவதை அது கூட்டக்கூடும்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. சேர்க்கைக்குச் சேர்க்கை தனியாக முன் அனுமதி வாங்க வேண்டும், ஆகவே பயாப்சி அறிக்கை, ஸ்கோப் படம், பழைய டிஸ்சார்ஜ் சுருக்கம் மூன்றின் நகலும் எப்போதும் பையில் இருக்கட்டும்.

பேச்சுப் பயிற்சி, தென்காசி:

ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். மூச்சுச் சத்தம் வருவதற்கு வெகு முன்னாலேயே குரல் மாறும். அதை வீட்டிலேயே பிடிக்கலாம். வாரம் ஒரு நாள், காலை எழுந்து வாய் கொப்பளித்த பின், செல்போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஒரே மூச்சில் "ஆ" என்று எவ்வளவு நேரம் இழுக்க முடிகிறதோ இழுக்கச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். மூன்று தடவை, நீளமானதை எடுத்துக்கொள்ளலாம். பிறகு பத்து வரை எண்ணச் சொல்லுங்கள், அல்லது தெரிந்த பாட்டு இரண்டு வரி. அறுவை முடிந்து மூன்றாவது வாரப் பதிவுதான் அளவுகோல். அதோடு ஒப்பிட்டு நேரம் பாதியானாலோ, எண்ணும்போது நடுவில் மூச்சு வாங்கினாலோ தேதிக்குக் காத்திருக்காமல் போன் செய்ய வேண்டும்.

மூன்று வயதுப் பிள்ளையை வாய் மூடி இரு என்று அடக்குவது நடக்கிற காரியம் இல்லை, தேவையும் இல்லை. கத்திக் கூப்பிட வேண்டிய நிலை வராமல் பார்த்துக்கொண்டால் போதும். டி.வி. சத்தத்தைக் குறையுங்கள், பேசும்போது பக்கத்தில் போங்கள். அங்கன்வாடியில் குரல் வராத பிள்ளையைப் பேச்சு வளர்ச்சி குறைந்தது என்று எழுதிவிடுகிறார்கள். சொல்லும் புரிதலும் சரியாக இருக்கிறதா என்று தனியாகச் சோதித்து எழுதச் சொல்லுங்கள். ஒட்டுமென்று பயந்து தனியாக உட்கார வைக்கவும் வேண்டாம். இருமலில், தட்டில், தம்ளரில் பரவும் நோய் அல்ல இது.

மகப்பேறு, நெல்லை:

தாயைப் பற்றி யாரும் எழுதாததால் நான் எழுதுகிறேன்.

வைரஸ் பெரும்பாலும் பிரசவத்தின்போது தாயின் பிறப்புவழியிலிருந்து வருவதுதான். தலைச்சன், சுகப்பிரசவம், இளவயதுத் தாய் என்ற மூன்றும் சேர்ந்து காணப்படுவதும் உண்மை. ஆனால் எச்.பி.வி. மணவாழ்க்கையில் இருக்கும் பெரும்பாலோருக்கு ஒரு கட்டத்தில் வந்து, தானே போகிற வைரஸ். கணவரிடமிருந்து மனைவிக்கு வருவதுதான் வழக்கமான பாதை. இதை மாமியாரிடம் சொல்லும்போது மகனும் பக்கத்தில் இருந்தால் வீடு சீக்கிரம் அமைதியாகும். பல தாய்மாருக்குக் கண்ணுக்குத் தெரிகிற மரு எதுவும் இருந்திருக்காது. நடத்தையைப் பேச இதில் ஒன்றும் இல்லை. சிஸ்டர், முதலில் அந்தப் பெண்ணைத் தனியாக உட்கார வைத்துப் பேசுங்கள், கூட்டத்தில் வேண்டாம்.

ஐந்து மாதம் என்கிறீர்கள். இந்த நோய்க்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. பிறப்புவழியில் மரு இருக்கும் தாய்மாரின் பிள்ளைகளிலேயே ஆயிரத்தில் ஏழு பேருக்குத்தான் வந்ததாக டென்மார்க் நாட்டுப் பதிவேட்டுக் கணக்கு. சிசேரியனில் பிறந்த பிள்ளைக்கும் வந்திருக்கிறது. மரு வழியை அடைக்கும் அளவு பெரிதாகவோ, ரத்தம் கசியும்படியோ இருந்தால் அது வேறு கணக்கு. எனவே ஒரு தடவை ஸ்பெகுலம் வைத்துப் பார்த்து, இருந்தால் கர்ப்ப காலத்திலேயே உறைய வைத்தோ ட்ரைகுளோரோஅசிட்டிக் அமிலம் தொட்டோ எடுக்கலாம். பொடோஃபிலின் என்ற மருப் பூச்சு மருந்தைக் கர்ப்பத்தில் தொடக் கூடாது. பிறக்கும் பிள்ளைக்குத் தாராளமாகத் தாய்ப்பால் கொடுக்கலாம். குரல் கம்மினால் நான்கு வாரக் கணக்கை மட்டும் மறக்க வேண்டாம்.

தடுப்பூசி கர்ப்பத்தில் போடுவதில்லை, பிரசவத்துக்குப் பிறகு பாலூட்டும்போது போடலாம். வாங்கும்போது நான்கு வகையோ ஒன்பது வகையோ அடங்கியதா என்று பெட்டியில் பாருங்கள். 16, 18 மட்டும் உள்ள இரண்டு வகை ஊசி இந்த மருவைத் தடுக்காது. நம் நாட்டுத் தயாரிப்பான செர்வாவாக்கில் 6, 11 இரண்டும் உண்டு. 9 முதல் 14 வயதுக்கு இரண்டு டோஸ், அதற்கு மேல் மூன்று. ஆஸ்திரேலியாவில் 2007இல் பெண்பிள்ளைகளுக்குப் பெரிய அளவில் தொடங்கினார்கள். பிள்ளைகளின் குரல்வளை மரு 2012இல் லட்சத்துக்கு 0.16 ஆக இருந்தது 2016இல் 0.02 ஆக இறங்கிவிட்டது. அந்த வீட்டில் சித்தி, அத்தை மகள் என்று ஒன்பதைத் தாண்டிய பெண்பிள்ளைகள் இருந்தால் இப்போதே பேசிவிடலாம். வந்த மருவை ஊசி கரைக்குமா என்றால், நோயுள்ளவர்களுக்கும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள், இடைவெளி கூடியதாகச் சிலர் சொல்கிறார்கள், சிலர் இல்லை என்கிறார்கள். அதை நம்பி அறுவையைத் தள்ளக் கூடாது.

ஆலங்குளம் சிஸ்டர்:

எல்லாருக்கும் நன்றி. கடைசியா ஒண்ணு. வர்ற வியாழக்கிழமை மூணாவது ஆபரேஷன் தேதி. நேத்துல இருந்து பிள்ளைக்கு மூக்கு ஒழுகுது, காய்ச்சல் இல்ல. சளியோட மயக்கம் குடுக்க மாட்டாங்க, ரெண்டு வாரம் தள்ளிப் போடுவோம்னு வீட்டுல சொல்லுதாங்க.

மயக்கவியல் மேசை:

நீங்களாகத் தள்ளாதீர்கள். குடலிறக்கம், டான்சில் என்றால் சளிக்கு இரண்டு முதல் நான்கு வாரம் தள்ளுவோம், சரி. இங்கே குறுகிய வழியில் சளி வீக்கமும் சேர்ந்தால் அந்த இரண்டு வாரத்துக்குள்தான் ஆபத்து வரும். இன்றே அறுவை செய்யும் துறைக்குப் போன் செய்து குரல் எப்படி, மூச்சுச் சத்தம் உண்டா, தூக்கத்தில் குழி விழுகிறதா என்று சொல்லுங்கள். பெரும்பாலும் முந்தின நாளே வந்து சேரச் சொல்வார்கள். சத்தம் இப்போதே இருந்தால் வியாழன் வரை காத்திருக்க வேண்டாம், இன்று ராத்திரியே கிளம்பட்டும்.